பிள்ளை மாற்றிக்கொண்டவர்கள்

கல்லூரியில் அவளுக்கு ‘வேலை மேடம்’ என்று பெயர். பதவியின் பெயர் நீளமானது. கதவுப் பலகையில் அதுவே இரண்டு வரி பிடிக்கும், யாரும் நின்று படிப்பதில்லை. படிப்பு முடியப்போகிறது, அடுத்து என்ன என்று தெரியாத பிள்ளைகள் வந்து உட்காரும் அறை அது. ஒரு மேசை, ஒரு டிஷ்யூ பெட்டி, பக்கம் பக்கமாகப் போட்ட இரண்டு நாற்காலி. எதிரெதிரே போட்டால் பிள்ளைகள் விசாரணைக்கு வந்ததுபோல முதுகை நிமிர்த்திக்கொள்கிறார்கள் என்பதை வந்த புதிதிலேயே கண்டுகொண்டவள்.

வேலை வாங்கித் தருவது அவள் வேலை இல்லை. இதை அவள் எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஒருவர் காதிலும் ஏறியதில்லை. வருகிற பிள்ளை தனக்கு என்ன வேண்டும் என்று தன் வாயாலேயே சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. மூன்று தடவை வந்து அழுதுவிட்டுப் போன பெண் நாலாவது தடவை சிரித்துக்கொண்டு வந்து, “மேடம், நான் டீச்சராகவே போறேன், எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்” என்று சொன்ன கதையெல்லாம் அவளிடம் நிறைய உண்டு.

அப்படிப்பட்டவளின் மகன் விலங்கியல் முடித்துவிட்டு ஒரு வருடத்துக்கு மேலாக வீட்டில் இருந்தான்.

முதலில் இரண்டு மூன்று இடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். திரும்பி வந்து “பாப்போம்” என்றான். பிறகு விண்ணப்பம் போடுவதையே நிறுத்திவிட்டான். மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால் சாப்பாட்டுக்குத்தான் திறப்பான். அவளுக்கு வாய் சும்மா இருக்குமா? சாப்பாட்டு மேசையிலேயே ஆரம்பிப்பாள்.

“உன்னோட பலம்னு எதைடா நினைக்கிற?”

“இப்போதைக்கு சாப்பிடுறது.”

“விளையாடாத. அஞ்சு வருஷம் கழிச்சு உன்னை எங்க வச்சுப் பாக்குற?”

“இதே நாற்காலிலதான்மா. நீ இந்தக் கேள்வியையே கேட்டுக்கிட்டு இருப்ப.”

கணவருக்குச் சிரிப்பு வந்துவிடும். மருந்துக்கடை வைத்திருப்பவர், எல்லாவற்றையும் மாத்திரைக் கணக்கிலேயே பேசுவார். “டோஸ் ஜாஸ்தியாகுது, விடு” என்பார். அவருடைய அக்கா மட்டும் விடமாட்டார். வாராவாரம் போன் செய்து, “ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் வேலை வாங்கிக் குடுக்குற, நம்ம பிள்ளைக்கு என்னடியம்மா குறைச்சல்?” என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு.

ஊரில் இருக்கும் மற்ற கல்லூரிகளிலும் அவளைப் போல ஆட்கள் உண்டு. மாதம் ஒருமுறை யாராவது ஒருவருடைய கல்லூரியில் எல்லாரும் கூடுவார்கள். மாதம் முழுக்க அடுத்தவர் கவலையைக் கேட்கிறவர்களுக்கும் தங்கள் கவலையைக் கேட்க ஆள் வேண்டுமே, அதற்கான கூட்டம். பிள்ளைகளின் பெயரைச் சொல்லாமல், “எனக்கு இந்த இடத்துல சிக்கிக்கிச்சு” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் வெளியே தெரியாத ஒரு பழக்கம் இருந்தது. சொந்தப் பிள்ளைக்கு ஆலோசனை சொல்ல யாராலும் முடியாது, அதனால் ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பார்ப்பது. ‘பிள்ளை மாத்துறது’ என்பார்கள். அதற்கு ஒரே விதிதான். பெற்றவர் கேட்கக் கூடாது, பார்க்கிறவர் சொல்லக் கூடாது. பிள்ளையாகச் சொன்னால் உண்டு.

அவள் ரொம்ப நாள் வீம்பாக இருந்தாள். கடைசியில் ஒரு கூட்டத்தில், “என் பையன்...” என்று வாய் திறந்தாள். பக்கத்தில் இருந்த ‘அவசரம் சார்’ வாக்கியத்தை முடிக்கவிடவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரிக்காரர் அவர். யார் பேசினாலும் பாதியில் தானே முடித்துவைப்பார். அதனால் வந்த பெயர்.

“அனுப்புங்க மேடம். எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. நீங்க அதை எடுத்துக்குங்க.”

பூனைக்குட்டி மாற்றிக்கொள்வதுபோல முடிந்துவிட்டது பேச்சு. ‘இந்த மனுஷன் என் பிள்ளையை எங்கே பேசவிடப் போகிறார்’ என்று வீடு வரும்வரை குடைந்தது.

மகனிடம் சொல்லும் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொண்டார். “ஒருதடவை போய்ட்டு வாடா. பிடிக்கலன்னா விட்டுடு.”

“உங்க கடைல வாங்குன மருந்து பிடிக்கலன்னா திருப்பி எடுத்துப்பீங்களாப்பா?”

“எடுக்கமாட்டேன். அவரு எடுத்துப்பாரு. போ.”

போனான். திரும்பி வந்ததும் அவள் வெங்காயம் உரிக்கிற சாக்கில் கூடத்துக்கே வந்து நின்றாள். கேட்கக்கூடாது. கணவரைப் பார்த்தாள். அவர் கேட்டார்.

“என்னடா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒரு மணி நேரமாவா?”

“நான்தான் பேசுனேன்.”

‘ம்’, ‘இல்ல’, ‘பாப்போம்’ என்ற மூன்று சொல்லில் ஒரு வருடத்தை ஓட்டியவன் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறான், அதுவும் அவசரம் சாரிடம். அவளுக்குக் கண் கலங்கியது வெங்காயத்தால் மட்டும் அல்ல. சந்தோஷம்தான், கொஞ்சம் பொறாமையும் சேர்ந்த சந்தோஷம்.

இந்தப் பக்கம் அவசரம் சாரின் மகள் அவளிடம் வர ஆரம்பித்தாள். மின்பொறியியல் முடித்தவள், பெரிய மென்பொருள் நிறுவனத்தில் இடம் கிடைத்துவிட்டது. அப்பா தெருவுக்கே சொல்லிவிட்டார். வந்து உட்கார்ந்த உடனே, “ஆன்ட்டி, எனக்கு ரயில் ஓட்டணும்” என்றாள். சும்மா ஆசை இல்லை. தேர்வு எழுதி, கண் பரிசோதனையும் முடித்திருந்தாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

அடுத்த கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் இருவரும் ஜன்னலோரம் நின்றார்கள்.

“மழை வரும்போல இருக்கு மேடம்.”

“ஆமா சார்.”

“இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க போறோம்னுகூட சொல்றதில்ல.”

“சார்.”

“நான் ஒண்ணும் கேக்கலையே!”

“நானும் ஒண்ணும் சொல்லலையே.” ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு அவளும் நூல் விட்டுப் பார்த்தாள். “உங்க அறைல நாற்காலி எல்லாம் வசதியா சார்? ரொம்ப நேரம் உக்காந்தா முதுகு வலிக்காதே?”

“வர்றவங்க யாரும் குறை சொன்னதில்ல” என்றார் அவர். அதற்கு மேல் பெயரவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அதிகாரி வந்தார். ஒரு மருந்துத் தயாரிப்பு நிறுவனத்துக்கு வருடா வருடம் அவள் கல்லூரியில் ஆள் எடுக்கிறவர். வேலை முடிந்து பையை மூடும்போது சாதாரணமாகக் கேட்டார். “உங்க பையன் விலங்கியல்தானே மேடம்? ஆய்வுக்கூடத்துல ஒரு இடம் இருக்கு. நாளைக்கே வரச் சொல்லுங்க. இன்டர்வியூ எல்லாம் எதுக்கு, நம்ம பையன்.”

“நாளைக்குச் சொல்றேன் சார்” என்று அனுப்பினாள். ஒரு வார்த்தை. சரி என்றால் நாத்தனார் வாயும் அடைபடும், மாடிக் கதவும் திறக்கும். மகனுக்குப் போன் போட எடுத்த கை அவசரம் சாருக்குப் போட்டது. விஷயத்தைச் சொன்னாள். முதல் தடவையாக அவர் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகும் பேசவில்லை.

“சார், இருக்கீங்களா?”

“இருக்கேன். நான் எதுவும் சொல்லக்கூடாதுன்னு உங்களுக்கே தெரியும் மேடம். உங்ககிட்ட ஒரு அம்மா வந்து இதையே கேட்டா என்ன சொல்வீங்க?”

“பையன் உங்களைக் கேட்டானாம்மான்னு கேப்பேன்.”

“சரி, வச்சிடவா?”

மறுநாள் அந்த அதிகாரியிடம், “அவனே பாத்துப்பான் சார், தப்பா எடுத்துக்காதீங்க” என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது வீடு இரண்டுபட்டது. “வீடு தேடி வந்த வேலையை வேணாம்னுட்டியா? மத்தவங்க பிள்ளைன்னா விடுவியா நீ?” அவர் குரலை உயர்த்துவது அபூர்வம். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அன்றிலிருந்து, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போதும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

இதற்கு நடுவில் ஒருநாள் அவசரம் சார் போன் செய்து கத்தினார். “ரயில் ஓட்டப் போறாளாம் மேடம்! உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?”

“கேக்கக்கூடாது சார்.”

“எங்க வீட்ல ரெண்டு நாளா ஒரே ரகளை. இப்பதான் அடங்குச்சு. போகட்டும். நான்தான் பேச்சை நடுவுல வெட்டுறேன், அவளாவது சிக்னல் பாத்து நிப்பாள்ல.” சிரித்தார். பாரம் இறங்கிய சிரிப்பு. அவளும் சிரித்தாள். வைத்தபிறகு, தன் வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மகன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

“அம்மா, எனக்கு வேலை கிடைச்சிருக்கு. குடிநீர் பரிசோதனைக் கூடத்துல. தொட்டி தொட்டியாப் போய் தண்ணி எடுத்துட்டு வந்து, அதுல என்ன உயிர் இருக்குன்னு பாக்கணும்.”

அவள் படியருகே வந்தாள். கேட்க ஆயிரம் கேள்வி. ஒன்றையும் கேட்காமல் நின்றாள். அவனாகவே சொன்னான்.

“முன்னாடி போன இடத்துல எல்லாம் என்ன ஆச்சு தெரியுமா? ‘நீங்க வேலை மேடம் பையனா’ன்னு ஆரம்பிப்பாங்க. அப்புறம் பூரா உன்னைப் பத்தித்தான். ஒருத்தர் உன் முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்டாரு. என்னைப் பத்தி ஒரு கேள்வி கிடையாது. கிடைச்சாலும் அது உனக்குக் குடுத்த வேலைதானேன்னு விட்டுட்டேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா.”

“சொன்னா அதுக்கும் ஒரு டிப்ஸ் குடுத்திருப்ப.”

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“அன்னிக்கு அப்பா கத்துனது மாடி வரைக்கும் கேட்டுச்சு” என்றான், காலைப் பார்த்துக்கொண்டே. “அந்த வேலையை நீ வேணாம்னு சொன்னது. மறுநாள்தான் இதுக்கு விண்ணப்பம் போட்டேன். அங்க யாருக்கும் உன்னைத் தெரியாது. தண்ணிக்குள்ள இருக்குற பூச்சியைப் பத்தி அரை மணி நேரம் கேட்டாங்க. செம ஜாலியா இருந்துச்சும்மா.”

“எத்தனை மணிக்குப் போகணும்?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆறு.”

“சாப்பாடு கட்டணுமா?”

“கட்டு.”

கணவர் கடையை அடைத்துவிட்டு வந்து, விஷயம் கேட்டு, சம்பளம் கேட்டு, “பரவாயில்ல, பரவாயில்ல” என்று இரண்டு தரம் சொன்னார். அக்காவுக்குப் போன் செய்யலாம் என்று திரும்பியபோதுதான் கவனித்தார். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்க, கைப்பை மடியில் இருக்க, சோபாவில் சாய்ந்த வாக்கில் அவள் தூங்கிவிட்டிருந்தாள். எட்டு மணிகூட ஆகவில்லை.

“எழுப்பட்டுமாப்பா? இன்னும் சாப்பிடல.”

“வேணாம்டா. மெதுவாப் பேசு.”

அப்பாவும் மகனும் தட்டு சத்தம் வராமல் போட்டுச் சாப்பிட்டார்கள்.

“குறட்டை விடுறாங்கப்பா.”

“விடட்டும்டா” என்றார் அவர்.