பிளேன் ஏறாதவர்

கொடைக்கானல் ஏரியில் யாராவது மூழ்கிவிட்டால் போலீஸ்காரர்கள் முதலில் தேடுவது அலெக்சாண்டரைத்தான். படகுத்துறையில் துடுப்புப் போடுகிற ஆள் அவர். சம்பளமும் அதற்கு மட்டும்தான். ஆனால் அந்தக் குளிர்த் தண்ணீரில் மூச்சடக்கி அடிவரை போய் வர ஊரில் வேறு எவனுக்கும் நெஞ்சுரம் கிடையாது. அடியில் கண் தெரியாது. பாசிக்குள் கையால் துழாவிக்கொண்டே போகவேண்டும். தலைமுடியோ சட்டையோ தட்டுப்பட்டால் பற்றி இழுத்துக்கொண்டு மேலே வரவேண்டும். கரை சேர்ந்ததும் கூட்டம் பிணத்தைச் சுற்றிக்கொள்ளும். எடுத்துவந்த மனிதர் ஓரமாக நின்று வெடவெடவென்று நடுங்குவார். அவருக்கு ஒரு கம்பளி கொடுப்போம் என்று ஒரு ஜென்மத்துக்கும் தோன்றாது. மிஷன் பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்த அவர் மனைவி ஜோசப்பின்தான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போர்வையோடு ஓடிவருவாள்.

அவளுக்கு அந்த வேலையே பிடிக்காது. பிணம் எடுத்த அன்று அவர் சோற்றில் கை வைக்கமாட்டார். 'பொணம் எடுக்கிற அலெக்சாண்டர்' என்று கோயில் வாசலிலேயே பேர் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"தண்ணிக்கடியில நான் பாத்ததெல்லாம் செத்ததுதான், ஜோசப்பின்," என்பார் அவர். "உசுரோட இருக்கிறதை ஒரு தடவையாச்சும் பாத்துரணும்."

எங்கே போய்ப் பார்ப்பது என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எண்பத்தொன்று மே மாத சீசனில் வழி தானாக வந்து படகில் ஏறியது. தூத்துக்குடிக்காரர், பெயர் செலஸ்டின் பர்னாந்து. கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகம் சுத்தம் செய்யும் வேலைக்காகச் சொந்தமாகக் காற்றுச் சிலிண்டர்கள் வைத்திருந்தார். பேச்சுவாக்கில் அலெக்சாண்டரின் கதையைக் கேட்டவர், படகு கரைக்கு வருவதற்குள் முடிவு பண்ணிவிட்டார்.

"பொங்கல் முடிஞ்சதும் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வாங்க. முதுகுல காத்தைக் கட்டிக்கிட்டு எறங்குவோம். முயல் தீவு பக்கம் பவளப்பாறை கெடக்கு. உங்க ஏரி மாதிரி இருட்டில்ல. அடிவரைக்கும் வெயில் எறங்கும்."

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஜனவரியில் பள்ளிக்கு நீண்ட விடுமுறை. படகுத்துறையிலும் ஈ ஓட்டுகிற காலம். ஒரு வாரம் போய்வரலாம். கலியாணமான பத்து வருடத்தில் இருவரும் மலையை விட்டு இறங்கியது வேளாங்கண்ணிக்கு மட்டும்தான். அதுவும் கைக்குழந்தையாகச் செத்துப்போன மகளுக்காகச் செய்த நேர்ச்சை. இந்தத் தடவைதான் சந்தோஷத்துக்கென்று ஒரு பயணம்.

ஜோசப்பினுக்கு நீச்சல் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேத்துப்பாறை ஓடைக்குக் கூட்டிப்போய் அவர் சொல்லிக்கொடுத்தார். துணி துவைக்கிற பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். "கடலைப் பாக்கப் போறவுக உண்டு. நீ கடலுக்குள்ளயே குடிபோகப் போறியாக்கும்!" என்றாள் பிச்சையம்மாள். ஜோசப்பினும் சிரித்தாள். வீட்டில் வெந்நீர் அண்டாவுக்குள் முகத்தை முக்கி மூச்சுப் பழகினாள். மலைக்காரப் புத்தி போகுமா? வெயில் கொளுத்துகிற ஊருக்கு இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் எடுத்து வைத்தாள்.

தூத்துக்குடியில் செலஸ்டின் கண்டிப்பான வாத்தியார். உள்ளே மூச்சை அடக்கக்கூடாது. மேலே வரும்போது நீர்க்குமிழியை விட மெதுவாக வரவேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்: "கடலை விட்டு வெளிய வந்தப்புறம் ஒரு நாள் முழுக்க பிளேன்ல ஏறக்கூடாது. ஆளையே முடக்கிப் போட்டுரும்."

அலெக்சாண்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிளேன்ல ஏறுற மூஞ்சியைப் பாருங்க சார்!" செலஸ்டினும் சேர்ந்து சிரித்தார். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். கொடைக்கானல் அவருக்குப் பஸ்ஸில் போகிற ஊர், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கரையோரத்தில் பழகிவிட்டு ஆழத்துக்குப் போனார்கள். ஜோசப்பினுக்குக் காது வலி வந்துவிட்டதால் அவள் படகில் இருந்துகொண்டாள். அவர் மட்டும் நாள் முழுக்க இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். மறுநாள் காலையில் மறுபடியும் பத்து ஆள் ஆழத்துக்குப் போய், சிலிண்டரில் காற்று தீர்கிறவரை இருந்துவிட்டு வந்தார். முகக்கண்ணாடியைக் கழற்றியதும் அவர் அழுததைப் பார்த்து அவள் பயந்துபோனாள்.

"அங்க எல்லாமே அசையுது, ஜோசப்பின். கல்லுன்னு நெனச்சுத் தொட்டா அதுவும் உசுரு. ஒரு ஆமை என் மூஞ்சிக்கு நேரா வந்து பாத்துட்டுப் போச்சு. காது சரியாயிருச்சுன்னா சாயங்காலம் நீயும் வா."

கரைக்கு வந்தபோது சனியன் அம்பாசிடர் காரில் வந்து நின்றுகொண்டிருந்தது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் வந்தவர். முந்தின நாள் சாயங்காலம் படகு கவிழ்ந்து அவருடைய மூத்த மகன் ஏரியோடு போய்விட்டான். அலெக்சாண்டரால்தான் எடுக்க முடியும் என்று படகுத்துறையில் சொல்லிவிட்டார்கள். கார் ராத்திரியே புறப்பட்டு விசாரித்துக்கொண்டே வந்து சேர்ந்திருந்தது.

"பையனோட அம்மா ஏரிக்கரையிலயே உக்காந்திருக்காங்க. தண்ணிகூடக் குடிக்கல," என்றான் டிரைவர்.

அலெக்சாண்டர் மணலில் உட்கார்ந்துவிட்டார். "இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டு நாளைக்கு வெள்ளனே போவமே, ஜோசப்பின். செத்தவன் எங்க போயிரப் போறான்? ஒரே ஒரு நாள்."

அவர் அவளிடம் எதையும் கேட்டு நின்றவரல்ல. ஆனால் அவள் காதில் விழுந்தது அந்தத் தாயின் அழுகைதான்.

"நம்ம புள்ளைக்கு மண்ணு போடவாச்சும் எனக்குக் கெடச்சுச்சு. அவளுக்கு அதுகூட இல்லைங்க. மனுசத்தன்மை வேணாமா? கெளம்புங்க."

அவர் எழுந்து கால்சட்டையை மாட்டினார். செலஸ்டின் கார் கதவை மூடிவிட்டு, கருவாட்டுப் பொட்டலத்தைச் சன்னல் வழியாகக் கொடுத்தார்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார். பாதி மலையில் தோள்பட்டை கழன்றுபோகிறது என்றார். உப்புத்தண்ணீரில் கிடந்த அலுப்பு என்று அவள் பிடித்துவிட்டாள். "வெரசாப் போப்பா," என்று டிரைவரையும் விரட்டினாள். பெருமாள்மலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி மூத்திரம் பெய்ய இறங்கினார். மூத்திரமும் வரவில்லை, கால்களும் எழவில்லை. ரோட்டோரத்தில் அப்படியே சரிந்தார்.

"காலு எங்க கெடக்குன்னே தெரியலை," என்றார்.

பையன் ஒரு வாரம் கழித்துத் தானாகவே மிதந்தான். படகுக்காரர்கள் கொக்கி போட்டு இழுத்து வந்தார்கள். அந்த ஒரு வாரமும் அலெக்சாண்டருக்கு வாதம் என்று எண்ணெய் தேய்த்தார்கள், சளிக்காய்ச்சல் என்று ஊசி போட்டார்கள். அதன் பிறகுதான் மதுரைக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே ஒரு டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜோசப்பினைத் தனியாக வெளியே அழைத்தார்.

"கடல்ல முங்கினப்புறம் உயரத்துக்கு ஏதும் போனாராம்மா?"

"இல்லீங்க. பிளேன்லதான் ஏறக்கூடாதுன்னாங்க. நாங்க ஏறலீங்க. கார்ல நேரா வீட்டுக்கு வந்துட்டோம்."

"வீடு எங்கம்மா?"

"கொடைக்கானலுங்க."

டாக்டர் அவளை அங்கிருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஆழத்தில் இருப்பவர் உடம்புக்குள் காற்று கரைந்து தங்கிவிடும். தரையிலேயே இருந்தால் மெதுவாக வெளியேறிவிடும். அதற்குள் ஏழாயிரம் அடி ஏறினால், மூடி திறந்த சோடா மாதிரி உள்ளேயே பொங்கும். அவருக்கு முதுகுத்தண்டில் பொங்கிவிட்டது. "பிளேனா இருந்தா என்ன, மலையா இருந்தா என்னம்மா? ஒரு நாள் கீழேயே தங்கியிருந்தா, வராமலே போயிருக்கும்."

இந்த வார்த்தையை ஜோசப்பின் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நரம்புத் தளர்ச்சியாம் என்று சொல்லிவைத்தாள். அவரைத் தூக்கி உட்கார வைத்தாள், பீத்துணி அலசினாள், விடுதிக்கு ஓடி உலை வைத்தாள், மறுபடி ஓடிவந்தாள். ராத்திரியில் அவர் வாய் ஓயாமல் கடலைப் பற்றியே பேசுவார். அந்த ஆமையை ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்வார். ஒரு வருடம் இப்படியே போனது.

அடுத்த பொங்கலுக்கு ஒரு மூட்டைக் காய்கறியோடு அந்தத் தாய் வந்தாள். சுந்தராம்பாள் என்று பெயர். எலும்பும் தோலுமாகிவிட்டிருந்தாள். வாசலில் நின்று ஜோசப்பின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் மகனுக்காகப் பொறப்பட்டு வந்த மனுசன் இப்பிடிக் கெடக்காரே. என்ன நோவும்மா இது?"

உன் மகன்தான் நோவு என்று சொல்லிவிட ஜோசப்பினுக்கு நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"அவருக்குக் கடல் ஒத்துக்கலீங்க," என்றாள்.

சுந்தராம்பாள் போன பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கடலை ஏன் கொறை சொல்ற, ஜோசப்பின்? அது என்னை ஒண்ணும் செய்யலை. எம் பொழப்புல நான் பாத்த நல்லது அது ஒண்ணுதான். அதையும் ஏன் கெடுக்குற?"

அவள் கட்டிலின் காலடியில் உட்கார்ந்தாள். உணர்ச்சியில்லாத அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டு டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். "கடல் இல்லைங்க. மலை. ஒங்களை மலை ஏத்துனது நாந்தான்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"எத்தனை நாள் கீழே இருந்திருக்கணுமாம்?" என்று கேட்டார்.

"ஒரு நாளுங்க."

"நான் கேட்டதும் அந்த ஒரு நாளைத்தானே?"

அதற்கு அப்புறம் அந்த வீட்டில் ஆமையைப் பற்றிய பேச்சே எழவில்லை.