தோல்வாரின் ஈரம்

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. அது ‘இன்னா’. தண்ணீர் வேண்டுமென்றாலும் இன்னா, வேண்டாமென்றாலும் இன்னா, ஃபேனை நிறுத்து என்பதற்கும் இன்னா. மூளையில் ரத்தம் அடைத்து, பேச்சும் வலது கையும் காலும் முகத்தில் பாதியும் ஒரே காலையில் போய்விட்டன. பேச்சு மெதுவாக வரலாம், வராமலும் இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வார்த்தையை மிச்சம் வைப்பதென்று ஆன பிறகு என் பெயரை வைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு அந்த நோய்மேல் கோபம். இத்தனை வருஷம் சோறு போட்டவள் நான்.

ஏம்பலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டாய் உண்டு. மாடுகளை விற்ற பிறகு அதுதான் அவருக்குப் பட்டறை. அதற்கு முன்னால் சேதராப்பட்டில், வெளிநாட்டுக் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். விடிகாலை வேனில் போவார், இருட்டி வருவார். கம்பெனியை மூடியபோது கூட வேலை பார்த்தவர்கள் பக்கத்துக் கம்பெனிகளின் கேட்டுகளில் வேலை கேட்டு நின்றார்கள். இவர் மட்டும் ஒரு கத்தியும் இரண்டு குத்தூசியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இனிமேல் பச்சைத்தோல் பின்னப்போகிறேன் என்றார்.

பச்சைத்தோல் என்றால் பதப்படுத்தாத தோல். மேளத்துக்குக் கட்டுகிறார்களே, அது. கரையாம்புத்தூர்ப் பக்கம் மேளம் கட்டுகிறவர் ஒருவரிடம் வாங்கி வருவார். அதை நீளமாக வார் வாராகக் கிழித்து, ஓரம் சீவி, தண்ணீரில் ஊறவைத்துப் பின்ன வேண்டும். காய்ந்தால் எலும்பு போல ஆகிவிடும். கம்பெனியில் இதெல்லாம் செய்ததில்லை. செல்போனில்தான் கற்றுக்கொண்டார். எங்கேயோ தென்னமெரிக்காவில் தொப்பி போட்ட ஒரு மனுஷர் வீடியோ போடுவார். அவர் பேசுவது ஸ்பானிஷ் என்று சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் பையன் சொன்னான். என் வீட்டுக்காரருக்கு அதில் ஓர் எழுத்துத் தெரியாது. சத்தத்தை அப்படியே ஓடவிட்டு, அந்த மனுஷர் கையை மட்டும் பார்ப்பார். மத்தியானம் முழுக்க என் வீட்டுப் பின்பக்கம் ஸ்பானிஷ் பேசிக்கொண்டிருக்கும். தெருக்காரர்கள் என்னிடம் வந்து விசாரிப்பார்கள்.

நாற்றம் தாங்காது. தோல் கொட்டாயைத் தாண்டி வரக்கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். ஒரு தடவை வாசலில் காயப் போட்டதைத் தெருநாய் தின்றுவிட்டது. இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நாயாவது சாப்பிட்டதே என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊறிய வாரை எடுத்துத் துணியில் சுற்றி வைப்பார். அவ்வப்போது ஒன்றை உருவி வலது கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். “இன்னாய்யா, தோலுக்கு முத்தம் குடுக்கிறியா” என்று கேட்பேன். “உனக்குக் குடுத்தா நீ திட்டுவ, இது திட்டாதுடி” என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. எதற்காகக் கன்னத்தில் வைக்கிறார் என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

அவர் படுத்தபோது கொட்டாயில் ஒரு மூக்குப்பட்டை பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. சேதராப்பட்டுக்கு அப்பால் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிற ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒரு பெண்குதிரை. முன்னால் வைத்திருந்தவன் கடிவாளத்தை வெட்டி வெட்டி இழுத்து நாக்கு கிழிந்து, வாய்க்குப் பக்கத்தில் இரும்பைக் கண்டாலே பின்வாங்குமாம். வாய்க்குள் எதுவும் போகாமல், மூக்கைச் சுற்றி மட்டும் பிடிக்கிற மாதிரி ஒன்று பின்னித் தரச் சொல்லியிருந்தார்கள். நடுவில் முறுக்கிய தோல், அதன்மேல் எட்டு வார்ப் பின்னல், பட்டையின் இரண்டு நுனியும் சேருகிற இடத்தில் ஒரு பெரிய பூமுடிச்சு. ஒரு பக்கம் முடித்திருந்தார். மறுபக்கம் பின்னாத வார்களெல்லாம் காய்ந்து முறுக்கிக்கொண்டு நின்றன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவருக்கு எதிலும் இஷ்டமில்லை. பாகூரிலிருந்து ஒரு பிசியோ பெண் ஸ்கூட்டியில் வரும். “அப்பா, எழுந்து நாலடி வாங்க, நான் பிடிச்சிக்கிறேன்” என்று கெஞ்சும். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கால் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை, மனசுதான் வரலை என்று அந்தப் பெண் வெளியே வந்து என்னிடம் சொன்னது. இப்படியே படுக்க விட்டால் படுத்தபடியேதான் என்றது. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த மனுஷன் எழுந்திருக்க வேண்டும் என்று அவரே நினைக்க வேண்டும். அதை யார் நினைக்கவைப்பது?

ஒரு நாள் குதிரை இடத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். குதிரையைப் பழக்குகிறவர் அவர்தான். “அக்கா, அண்ணனை நல்லாப் பாத்துக்குங்க. மூக்குப்பட்டை பத்திக் கவலைப்படாதீங்க. நாங்க நைலான்ல ஒண்ணு வாங்கிக்கிறோம்.” நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. நைலான் என்ற சொல் விழுந்ததும் இவர் முகம் சுவர்ப்பக்கம் போனது.

எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ. “அதெல்லாம் வாங்காதம்மா. அவரு முடிச்சிக்கினுதான் இருக்காரு” என்றேன்.

சுவரைப் பார்த்திருந்த தலை என் பக்கம் திரும்பியது. “இன்னா?” என்றார். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து அந்த ஒரு ‘இன்னா’தான் சரியான இடத்தில் விழுந்தது.

அன்றைக்கே கொட்டாயிலிருந்து மூக்குப்பட்டையையும் வாளியையும் நானே உள்ளே தூக்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். நாற்றம் கூடத்தில் நிறைந்தது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கொஞ்சம் குசும்பு இருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

நாற்காலியில் உட்காரவைத்து, அவருக்கு வலது பக்கம் ஒட்டி நான் உட்கார்ந்தேன். அவருடைய இடது கை இருக்கிறது, என்னுடைய வலது கை இருக்கிறது, அப்புறம் என்ன குறை. நாலு வார் அவருக்கு, நாலு வார் எனக்கு. அவர் ஒன்றை மேலே போட்டால் நான் ஒன்றைக் கீழே விட வேண்டும். தப்பாகப் போட்டால் மணிக்கட்டில் ஒரு தட்டு. எதுக்குத் தட்டின என்று கேட்டால் இன்னா. இப்படிப் போடவா என்றால் இன்னா. கடைசியில் நானும் வாயை மூடிக்கொண்டு அவர் கையை மட்டும் பார்க்கப் பழகினேன். அந்தத் தொப்பிக்காரரை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது.

வாரை வாளியில் போட்டு ஊறவைத்தது நான்தான். முதல் வாரை அவரிடம் கொடுத்தபோது பழையபடி வலது கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் இருந்தார். தலையாட்டினார். பின்னினோம்.

பின்னி முடித்த பகுதி காய்ந்ததும் அதில் என் நகம் போகிற அளவுக்குச் சந்து. அவர் முன்பு பின்னியிருந்த பக்கம் பாம்பு முதுகு போல வழவழவென்று இருந்தது. எங்கள் பக்கம் இத்துப்போன கயிற்றுக்கட்டில். அவர் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து நாங்கள் பின்னியதை அறுத்தார். மறுபடி புதிதாக வார் கிழித்தேன், ஊறவைத்தேன், அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார், பின்னினோம். மறுபடி சந்து. இந்தத் தடவை கத்தியை எடுக்கவில்லை. மூக்குப்பட்டையை மூலையில் வீசிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பிசியோ பெண் வந்தபோது கண்ணையே திறக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “உன்கூட மல்லுக்கட்டறதுக்கு நானும் படுத்துக்கலாம்யா” என்று கத்தினேன். கத்திவிட்டு, கார்த்திகை மழையில் கொல்லைப்புறம் போய் நின்றேன். ஐப்பசியில் பிடித்த மழை, எந்தத் துணியும் காயவில்லை. ஒருவேளை மழைதான் காரணமோ, தொப்பிக்காரர் ஊரில் மழை கிடையாதோ என்று என்னென்னவோ ஓடியது.

மத்தியானம் அவருக்குச் சோறு ஊட்டினேன். ரசம் சோற்றில் ஒரு பருக்கை வலது கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. “தொடச்சிக்கய்யா” என்றேன். இடது கன்னத்தைத் துடைத்தார். “அந்தப் பக்கம் இல்ல” என்றேன். மறுபடி இடது கன்னத்தையே துடைத்தார். வலது பக்கம் ரசம் வழிந்து தாடையில் சொட்டியும் அவருக்குத் தெரியவில்லை.

தட்டைக் கீழே வைத்தேன். வாளியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு வாரை எடுத்து அவர் வலது கன்னத்தில் வைத்தேன். “சில்லுனு இருக்குதா?” இல்லை என்று தலையசைத்தார். அதையே இடது கன்னத்தில் வைத்தேன். உடம்பு தூக்கிப்போட்டது.

எவ்வளவு ஈரத்தில் பின்ன வேண்டும் என்பதை அவர் கன்னம்தான் இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறது. சில்லென்று இருந்தால் ஈரம் அதிகம், பொறுத்திருக்க வேண்டும். சில்லிப்பு போனதும் பின்னலாம். ஆனால் செத்துப்போன கன்னத்துக்கு எப்போதும் சில்லிப்பு இல்லை. அது எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஊறி உப்பிய வாரைப் பின்னினால் காய்ந்து சுருங்கும்போது சந்து விழாமல் என்ன செய்யும். அவரும் அதே நேரத்தில் புரிந்துகொண்டார். அழுதார். வாய் ஒரு பக்கம் கோணி, குழந்தை மாதிரி சத்தத்தோடு அழுதார். நானும் எச்சில் கையோடு அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். எங்கள் கல்யாணத்திலிருந்து நாங்கள் அப்படிச் சேர்ந்து அழுததில்லை.

இடது கன்னம் இருக்கிறதே என்று தோன்றும். இருந்தது. ஆனால் அவர் தன் முகத்தை இனி நம்பத் தயாராக இல்லை. அழுது ஓய்ந்த பிறகு, இடது கையால் அந்த வாரை எடுத்து என் கன்னத்தில் வைத்தார்.

“ஐயோ, சில்லுனு இருக்குதுய்யா.”

எடுத்துத் துணியில் சுற்றி வைத்தார். வெயில் எட்டிப்பார்த்துப் போன பிறகு மறுபடி உருவி வைத்தார். “இன்னும் கொஞ்சம் சில்லுனுதான் இருக்குது.” திரும்பச் சுற்றினார். ஒவ்வொரு தடவையும் வாரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு நேரம் இந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்தது எப்போது என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வைத்தபோது, எதுவும் கன்னத்தில் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. மிருதுவாக ஒரு கனம் மட்டும். வாரை எடுத்துவிட்டாரா என்று கண்ணைத் திருப்பிப் பார்த்தேன். “இன்னா” என்று தலையாட்டினார். அதுதான் பதம்.

இந்தத் தடவை சந்து விழவில்லை. பூமுடிச்சுக்கு மட்டும் ரொம்ப நாள் பிடித்தது. பத்துத் தடவை சுற்றி, ஒவ்வொரு இழையையும் குத்தூசியால் நெம்பி இறுக்க வேண்டும். அவர் நெம்பினால் நான் இழுப்பேன். கோபத்தில் நான் அதிகமாக இழுத்த இடம் எது என்று இன்றைக்கும் தொட்டுக் காட்டுவேன்.

குதிரைக்காரம்மா காரில் வந்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் போனில் வீடியோ அனுப்பினார். அந்தப் பெண்குதிரை காதை நிமிர்த்தி நிற்கிறது, மூக்கில் எங்கள் பட்டை, வாய்க்குள் ஒன்றுமில்லாமல் புல்லை மென்றுகொண்டே நடக்கிறது. இதே குதிரைக்கு லகான் வாரும் பின்னித் தருவீர்களா என்று கேட்டிருந்தார். அவரிடம் போனைக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வாளியில் வார்களை ஊறப்போட்டு, உச்சிவேளையில் எடுத்துத் துணியில் சுற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலம் அடுப்பில் காபித்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. கட்டிலிலிருந்து அடுப்படிக்கு ஒரு கூடமும் ஒரு நடையும் தாண்ட வேண்டும். சுவரில் எதுவோ உரசுகிற சத்தம் கேட்டது. பூனையாக இருக்கும் என்று திரும்பவில்லை. அப்போது என் கன்னத்தில் ஏதோ லேசாக, ஈரமாக வந்து ஒட்டியது.

என் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். யாரும் பிடிக்கவில்லை. ஒரு தோள் சுவரில் சாய்ந்திருந்தது, மூச்சு இரைத்தது, கால் நடுங்கியது. இடது கை மட்டும் ஆடாமல் என் கன்னத்தில் வாரை வைத்துப் பிடித்திருந்தது.

“இன்னா?” என்றார்.

திரும்பி அவரைப் பிடிக்கத்தான் எனக்குக் கை பரபரத்தது. பிடிக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே, “இன்னும் கொஞ்சம் காயணும்யா. போயிட்டு அப்புறமா வா” என்றேன்.