தம்பி வண்டி கட்டி வந்த நாள்

கட்டியவர் இறந்துபோன பிறகு மதுரையில் பதினெட்டு மாதம் பிரசவம் பார்க்கப் படித்தேன். 1950களின் தொடக்கத்தில் போடியில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை எடுத்தேன். நர்ஸம்மா என்றால் நான்தான். தெருவில் நடந்தால் யாராவது ஒரு பிள்ளையைத் தூக்கி, “ஒன்னைய எடுத்த கை இதுதேன்” என்று என் கையைக் காட்டுவார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தக் கையே என் காலை வாரிவிட்டது.

போடிமெட்டுக்குக் கீழே ஓர் ஏலத்தோட்டத்தில் கூலிக்காரப் பெண் ஒருத்திக்குப் பிரசவம் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அங்கே ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்தது. கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கியிருந்தது. ஆண்களின் கைப் பருமனுக்கு இடம் போதவில்லை. என் கை சின்னக் கை. விளக்கெண்ணெய் தடவி உள்ளே விட்டு, கன்றைப் பின்னால் தள்ளி, குளம்பை உள்ளங்கையில் பொத்தி நிமிர்த்தி இழுத்தேன். தாயும் கன்றும் பிழைத்தன. திரும்பும்போது ஜீப்பு ஓட்டியவர் ஏறினவர் இறங்கினவரிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல மனிதர். அவரால்தான் கெட்டேன்.

அடுத்த மாதப் பிரசவத்துக்கு எனக்குச் சொல்லி வைத்திருந்த வீட்டில் மாமியார் வாசலிலேயே நிறுத்தினார்.

“கோவிச்சுக்கிறாதே ஆத்தா. மாட்டுக்கு விட்ட கையாமே. எங்க வீட்டுப் பிள்ளை என்ன மாடா?”

“சோப்புப் போட்டுக் கழுவுன கைதானம்மா.”

“கழுவியிருப்ப. ஊர்ல சொல்லுவாகள்ல.”

சோப்பு மாட்டையும் மனுஷியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஊர் பார்த்தது. ஒவ்வொரு வீடாக எனக்கு அடைபட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வெளியூர்க்காரர், இந்த வம்பெல்லாம் அவருக்குத் தெரியாது. “உங்க கை எனக்கு வேணும்மா” என்று உதவிக்கு வைத்துக்கொண்டார். வேலை பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாடு யாரிடமும் போய் எதுவும் சொல்வதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் யாரும் தேடி வராத வீடு. முன்பெல்லாம் பாதிச் சோற்றில் கூப்பிட ஆள் வந்து நிற்கும், அலுத்துக்கொள்வேன். இப்போது முழுச் சோற்றையும் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்தது.

பிரசவத்துக்கு எடுத்துப் போகும் தோல் பையை மட்டும் நான் ஒழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்து, துடைத்து, திரும்ப உள்ளே வைப்பேன். காரணம் இருந்தது. சிலமலையில் தம்பி மனைவி முழுகாமல் இருந்தாள். தம்பி என் இடுப்பில் வளர்ந்தவன். அவன் பிள்ளையை நான் எடுத்துவிட்டால் ஊர் வாய் அடங்கும், மற்றவர்களும் பழையபடி கூப்பிடுவார்கள் என்று நம்பியிருந்தேன். பழைய சேலையைக் கிழித்து, அந்தப் பிள்ளைக்கென்று நான்கு துணி தைத்துப் பையில் வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் தம்பி வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“அக்கா, வெரசா வா. விடிஞ்சதுலருந்து அது துடிக்குது. நிக்கவும் மாட்டேங்குது, படுக்கவும் மாட்டேங்குது.”

எங்கள் பக்கத்தில் கட்டியவளைப் பேர் சொல்லிப் பேச மாட்டார்கள், ‘அது’ என்பார்கள். தோல் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

“தண்ணிக்குடம் ஒடைஞ்சிருச்சா அப்பு?”

“அப்பவே ஒடைஞ்சிருச்சு.”

“தலைச்சன். நேரமாகத்தேன் செய்யும். பயப்படாதே.”

“ம்” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பயந்திருக்கிறான், பாவம் என்று நினைத்து வழியெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டே போனேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவ்வளவு பேசினேன்.

வாசலில் இறங்கும்போதே உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அதற்குள் பிறந்துவிட்டதே என்று ஓடினேன். இரண்டு எட்டு வைத்ததும் கால் நின்றுவிட்டது. அப்போதுதான் பிறந்த பிள்ளையின் அழுகை எனக்குத் தெரியும். இது பத்து நாள் பிள்ளை, பாலுக்கு அழுகிறது.

“அக்கா, இங்கிட்டு” என்றான் தம்பி, மாட்டுத் தொழுவத்தைக் காட்டி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “எங்க மாமியா தேனியிலருந்து வேற ஆளைக் கூட்டியாந்துட்டாக. ஒன்கிட்டச் சொல்லணும்னுதேன் இருந்தேன்” என்றான்.

கோபம் மண்டைக்கு ஏறியது. அப்படியே திரும்பி நடந்தே போடிக்குப் போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் தொழுவத்தில் செவலைப் பசு கண்கள் செருகிக் கிடந்தது. அது என்னை என்ன செய்தது? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். பசுவுக்கு வலி வரும்போதெல்லாம் என் கை இறுகி மரத்துப்போனது. வீட்டுக்குள் பிள்ளை அழுவதும் நிறுத்துவதுமாக இருந்தது. அரை மணிக்கு மேல் ஆகிக் கன்று வந்தது, மூக்கெல்லாம் சளி அடைத்து மூச்சில்லாமல். “துணி கொண்டா” என்றேன். தம்பி வைக்கோலை அள்ளிக்கொண்டு வந்தான். நான் பையைத் திறந்து, அந்த நான்கு துணிகளையும் எடுத்துக் கன்றைத் துடைத்தேன். அது தும்மியது.

தம்பியின் மாமியார் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். பிள்ளையை நிலைப்படி வரை கொண்டுவந்து காட்டினார்கள். அவர்கள் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. “தொப்புள் காஞ்சு விழுந்திருச்சா?” என்று மட்டும் கேட்டேன். விழுந்துவிட்டதாம். சுத்தமாகத்தான் பார்த்திருந்தாள் அந்தத் தேனிக்காரி, குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் தம்பிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அழுதேன். அவனுக்குக் கேட்டிருக்கும். மாட்டை மட்டும் அதட்டிக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு யார் வந்து கூப்பிட்டாலும் வண்டியில் ஏறுமுன் ஒன்று கேட்பேன்: “அதுன்னா, மாடா மனுஷியா?” சிரிப்பார்கள். பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்பேன்.