எல்லாத் தீவுகளும் தெரிந்தவர்

ஒரகடத்தில் கார் உதிரிபாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்த கோதண்டம் போகாத ஊர் இல்லை. எல்லாம் போனில்தான். குன்றத்தூர் வீட்டு ஹாலில் லுங்கியோடு சாய்ந்துகொண்டே மாலத்தீவுக்குப் போனார், மொரிஷியஸுக்குப் போனார், கென்யாவில் ஜீப்பில் நின்றபடி சிறுத்தையைத் துரத்தினார். ஆப்பிரிக்கச் சிங்கங்களின் குடும்பத் தகராறு அவருக்கு அத்துப்படி. எந்தச் சிங்கம் எந்தத் தம்பியை விரட்டிவிட்டது என்பதுகூடத் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் குடியிருக்கும் சொந்தத் தம்பியோடு அவர் பேசி வருஷக்கணக்காகிறது என்பது வேறு விஷயம்.

நேரில் பார்த்த கடல் கோவளம். நேரில் பார்த்த சிங்கம் வண்டலூரில். அதுவும் கம்பி போட்ட வேனுக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆனாலும் கம்பெனியில் யார் லீவு போட்டு ஊர்சுற்றக் கிளம்பினாலும் கோதண்டத்தின் ஆலோசனை இல்லாமல் போய்விட முடியாது. அவர் விடமாட்டார். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து அதே லைனில் வேலை பார்க்கும் பேச்சிராஜ் ஒருமுறை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டான். “பிள்ளையள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போணும் அண்ணாச்சி. எங்க போலாம்?”

கேட்டது டீ குடிக்கும்போது. பதில் முடிந்தது ஷிப்ட் விட்டு பஸ் ஏறும்போது. நடுவில் பவளப்பாறை, காற்றின் திசை, கடல் உள்வாங்கும் நேரம், காட்டுப் பூச்சிக்கடி எல்லாம் வந்து போயின. பேச்சிராஜ் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு குடும்பத்தோடு குற்றாலம் போய் நன்றாகக் குளித்துவிட்டு வந்தான். கோதண்டம் அவனை அனுதாபத்தோடு பார்த்தார்.

அந்த வருஷம் அவருக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து ஆண்டு. மனைவி கங்காவுக்குச் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் வேலை. வேலை முடிந்து வந்தால் வீட்டில் இன்னொரு ஷிப்ட். அதற்கு ஓ.டி. கிடையாது. அவள் கேட்டது சின்ன விஷயம்.

“எங்கனா கடல் கீற ஊருக்குப் போலாங்க. நாலு நாளு நான் அடுப்பு பக்கம் போகக்கூடாது. அவ்ளோதான்.”

“கடல்னா? எந்தக் கடல்?” என்றார் கோதண்டம். கங்கா அப்போதே எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனை டிவியோடு இணைத்துக் குடும்பக் கூட்டம் நடத்தினார். மாலத்தீவு முதலில் விழுந்தது. “எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே நீலம். ரெண்டாம் நாளே போரடிச்சிடும்” என்று அனுபவசாலி போலச் சொன்னார். மொரிஷியஸில் புயல். அந்தமானில் ஜெல்லி மீன் கொட்டும். சரி, காட்டுக்குப் போகலாம் என்றால், கென்யாவில் மிருகங்கள் கூட்டங்கூட்டமாக ஆறு தாண்டும் மாதத்தில் அவருக்கு லீவு கிடையாது. அந்த மிருகங்களும் கம்பெனி காலண்டரைப் பார்ப்பதில்லை. முதுமலை? “அங்க யானை ரோட்லயே வருதாம். ரோட்ல வர்றத பாக்க சஃபாரி எதுக்கு?”

கல்லூரியில் படிக்கும் மகள் நிலா கொட்டாவி விட்டாள். “எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிட்டா மீதி இன்னாப்பா கீது?”

“அவசரப்பட்டா தப்பான எடத்துல போய் மாட்டிக்குவோம்.”

இந்தக் கறாரான தரக்கட்டுப்பாட்டினால் அந்தக் குடும்பம் அதுவரை ஒரு மோசமான சுற்றுலாவுக்குக்கூடப் போனதில்லை. நல்ல சுற்றுலாவுக்கும் போனதில்லை. கல்யாண நாளன்று வல்லக்கோட்டை முருகனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு, வரும் வழியில் ஓட்டலில் பூரி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அன்று ராத்திரிச் சமையலும் கங்காதான்.

ஒருநாள் கங்காவின் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மதிவதனி சொன்னாள். “அக்கா, ஜூன் மாசம் நம்ம லைன் பொண்ணுங்கல்லாம் அந்தமான் போறோம். சுபஸ்ரீக்கு லீவு தரல. ஒரு சீட்டு கீது, வர்றியா?”

“வர்றேன்” என்றாள் கங்கா. எந்தத் தீவு, எந்தக் கடற்கரை, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனை வருஷம் கோதண்டத்தோடு குடித்தனம் நடத்தியவள்!

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். கோதண்டத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“ஜூன்லயா? மழைக்காலம் கங்கா! கடல் கொந்தளிக்கும். போட்ல குமட்டும்.”

“குமட்டுனா வாந்தி எடுத்துக்கிறேன்.”

“எந்தத் தீவுல தங்கறீங்க?”

“தெர்லீங்க. சுத்தி கடல் இருக்குமாம்.”

கங்கா போனாள். கோதண்டம் விமான நிலையம் வரை வந்து, எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் தீவு தெரியும் என்று சொல்லியனுப்பினார். கொடுத்தது நடு சீட்டு. கம்பெனியில் கேட்டவர்களிடமெல்லாம், “நான்தான் பிளான் போட்டுக் குடுத்தேன்” என்றார்.

மறுநாள் சாயங்காலம் வீடியோ காலில் வந்தாள். முழங்கால் வரை கடல். சுடிதார் தொப்பல். பின்னால் வானம் சாம்பல் நிறத்தில் தொங்கியது.

“மழ பேயுதா? நான் அப்பவே சொன்னேன்ல?” ஜெயித்துவிட்ட குரல் அவருக்கு.

“ஆமாங்க, செம மழ!” அவளுக்கும் ஜெயித்துவிட்ட குரல்தான்.

“கொஞ்சம் லெப்ட்ல போ. அங்கதான் பவளப்பாறை…”

“டவர் இல்லீங்க.” போன் கட்டானது. கடைசியாகக் கேட்டது பெண்களின் சிரிப்பு.

கோதண்டம் அதே கடற்கரையின் வீடியோ ஒன்றைத் தேடிப் போட்டார். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது, மழை இல்லை, ஆள் அரவம் இல்லை. அவருக்கு வேண்டிய யாரும் அதில் இல்லை. ஏனோ பாதியில் நிறுத்திவிட்டார்.

கடல் காற்றில் முகம் கறுத்து, மழையில் குரல் கம்மித் திரும்பி வந்தவளிடம் முதல் கேள்வியே, “இன்னா மீனு பாத்த?” என்பதுதான்.

“மஞ்சளா ஒண்ணு. கோடு போட்டது ஒண்ணு. பேரு தெர்ல. நல்லா இருந்துச்சி.”

அந்த மீன்களின் பெயர் கோதண்டத்துக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, குளிச்சிட்டு வா. இட்லி வாங்கி வச்சிகீறேன்” என்றார்.

ஆயுத பூஜை லீவுக்கு மதிவதனி கோஷ்டி அடுத்த பயணம் கிளம்பியது. இந்த முறை குடும்பத்தோடு வேனில், முதுமலைக்கு. “வர்றீங்களா? கேள்வி கேக்காம வர்றதுன்னா வாங்க” என்றாள் கங்கா. தான் தள்ளுபடி செய்த ஊருக்குக் கோதண்டம் கடைசி சீட்டில், முறுக்கு டின்களுக்கு நடுவில் இடுங்கிக்கொண்டு போனார்.

காட்டுக்குள் வனத்துறை வண்டி நுழைந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. மான்களில் எத்தனை வகை, சாணத்தை வைத்து மிருகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆரம்பித்தார். மதிவதனி காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். டிரைவருக்கு அந்த வசதியும் இல்லை.

ஒரு வளைவில் வண்டி நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்தார். மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. குட்டியோடு ஒரு யானை, வழியை மறித்தாற்போல நின்று தழையை இழுத்துக்கொண்டிருந்தது. ஈர மண்ணும் சாணமும் கலந்த ஒரு வாடை வண்டிக்குள் வந்தது. எந்த வீடியோவிலும் அந்த வாடை வந்ததில்லை. யானை காதை ஆட்டுவதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தது. கோதண்டம் கங்காவின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“எம்மாம் பெருசு, கங்கா” என்றார். அத்தனை வருஷ ஆராய்ச்சியில் அந்த நேரத்துக்கு உதவியது அவ்வளவுதான்.

யானை நிதானமாகத் தின்று முடித்து, குட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. அது போய் வெகுநேரம் கழித்துத்தான் அவர் கையை விட்டார். கங்காவின் வளையல் அச்சு அவர் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

லீவு முடிந்து கேன்டீனில் பேச்சிராஜ் எதிரே வந்து உட்கார்ந்தான். “முதுமல போனியளாமே அண்ணாச்சி. என்னத்த பாத்திய?”

“யானை.”

“யானையா? அத பாக்கவா அம்புட்டு தூரம்? எங்கூரு கோயில்லயே நிக்கே!”

கோதண்டம் காட்டு யானைக்கும் கோயில் யானைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் போனது. மூன்றாவது வரவில்லை. “ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு வாடா” என்றார்.

அவர் வாழ்நாளில் கொடுத்ததிலேயே மிகச் சிறிய ஆலோசனை அதுதான். பேச்சிராஜ் பதறிப்போய்க் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்தான்.

“அண்ணாச்சி, உடம்புக்கு எதுவும் சரியில்லையா?”