முகத்தைக் கட்டிக்கொண்டு கடல் பார்த்தோம்

மகள் மங்களூரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஆண்டர்சன்பேட்டை வீட்டை விற்றுவிட்டு எங்களையும் அங்கே வந்துவிடச் சொல்கிறாள். "அங்க இன்னா கீது? தண்ணி லாரிக்குக் காத்துக்கினு நிக்கறதா? இங்க லைஃபே வேறமா," என்பாள். தினமும் சாயங்காலம் சூரியனோடு சேர்த்து ஒரு கடல் என் போனுக்கு வரும். மாட்டேன் என்று நேரிலேயே சொல்லிவிட்டு வர முடிவு கட்டிக்கொண்டு பங்காருபேட்டையில் ரயில் ஏறினேன். கூட என் வீட்டுக்காரர். ஃபேக்டரியில் ரிட்டயரானவர், கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் கட்சி.

போனதும் ஊர் காட்டும் படலம். காபிக்கடையில் காபி வந்ததும் யாரும் குடிப்பதில்லை. சாமிக்கு நைவேத்தியம் காட்டுகிற மாதிரி முதலில் போனுக்குக் காட்டுகிறார்கள். ஆறிப்போன பிறகுதான் பிரசாதம். ஐஸ்கிரீம் கடையில் ஆளுயரக் கிளாஸ் வந்தது. அடியில் கிடந்த பழத்தை எடுக்க எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஆளை இறக்குகிற கேஜை இறக்கினால்தான் உண்டு. புதிதாக எழும்பும் அடுக்குமாடி ஒவ்வொன்றின் பெயரிலும் கடல் இருந்தது. நிஜக் கடலை அந்தக் கட்டடங்கள் மறைத்துக்கொண்டிருந்தன. "ஊரு நல்லாத்தாம்மா கீது," என்று அவர் ஐஸ்கிரீமோடு கட்சி மாறினார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பீச்சுக்குப் போனோம். அங்கேதான் சொல்லிவிடுவதாக இருந்தேன். வாயைத் திறக்கிறேன், காற்று கிளம்பி மணலை வாரி இறைத்தது.

எங்கள் ஊரில் சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் மலை மலையாகக் கிடக்கிறது. சயனைடு மேடு என்போம். ஆடிக்காற்றில் மற்ற ஊரில் அம்மி பறக்குமாம். எங்களுக்கு அந்த மேடே பறந்து வீட்டுக்குள் வரும். காற்று கிளம்பினால் குடத்தை மூடு, ஜன்னலைச் சாத்து, மூக்கைக் கட்டு. நடக்கப் பழகும்போதே எங்கள் பிள்ளைகளுக்கு இது வந்துவிடும்.

கை தானாகப் போயிற்று. முந்தானையை இழுத்து மகளின் மூக்கில் அழுத்தினேன். அதே நொடியில் அவள் தன் துப்பட்டாவை என் முகத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். அவர் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். சுற்றிலும் ஊரே மார்பை விரித்துக் கடல் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ரெண்டு பெண்கள் கேமராவை எங்கள் பக்கம் திருப்பினார்கள். அன்றைக்கு அந்தப் பீச்சில் பார்க்க வேண்டிய இடம் நாங்கள்தான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மகள் சிரிக்கவில்லை.

"வேலைக்கு வந்த புதுசுல ஆபீஸ்காரங்களோட இங்க வந்தேன்மா. இதே மாதிரி மூஞ்ச கட்டிக்கினேன். எல்லாம் சிரிச்சாங்க. ஏன்னு சொன்னேன், யாருக்கும் புரியல. அதுக்கப்புறம் பீச்சுக்கே வரல."

"அப்ப தினம் அனுப்பின கடலு?"

"ரூம்ல ஜன்னல சாத்திக்கினு, கண்ணாடி வழியா எடுத்தது."

கூட மூக்கைக் கட்டிக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல், இத்தனை வருடமும் அந்தக் கடலைக் காட்டி எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சொன்னேன். துணிக்குள் வார்த்தை அமுங்கிவிட்டது.

"இன்னாமா? காதுல உழல," என்றாள்.

காற்று இன்னும் நிற்கவில்லை. முடிச்சை அவிழ்த்தேன். வாயெல்லாம் மணல் அடிக்க, இன்னொரு தடவை கத்திச் சொன்னேன்: "ஊட்ட வித்துட்டு வரோம்டீ."