அப்பா சட்டைப் பஞ்சு

எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஒன்பது மாதம். அந்த வருடம் நாங்கள் வீராம்பட்டினம் தேருக்குப் போகவில்லை.

தம்பி வாந்தியும் பேதியுமாக மூன்று நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். தேருக்கு முதல் நாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். தூங்கினால் தூங்கட்டும். தொட்டுக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். டாக்டர் இதைத்தான் சொன்னார்.

அந்தக் கடைசிப் பேச்சு எங்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டது. தம்பி கண்ணை மூடினால் போதும், அம்மாவும் அப்பாவும் அவன் முகத்தையே பார்ப்பார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்பா மில்லில் தறி ஓட்டினார். அந்தச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அவர் ரகசியம் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். தம்பி மூச்சு விடுவது மட்டும் அவருக்குக் கேட்காது.

தேர் அன்றைக்கு மில் லீவு. தெருவே காலி. நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். யாராவது கூட்டிப்போவார்கள் என்று ஒரு நப்பாசை. தம்பி உள்ளே பாயில் தூங்கினான். அம்மா கொல்லையில் அவன் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

அப்பா தம்பி பக்கத்தில் வந்து குந்தினார். தொடப் போனார், கையை இழுத்துக்கொண்டார். எழுப்பினால் அழுவான், அழுதால் மறுபடி வாந்தி வரும். ஆணியில் அவருடைய மில் சட்டை தொங்கியது. அதில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு துணுக்கைப் பிய்த்துத் தம்பி மூக்குக்கு நேரே பிடித்தார். பஞ்சு ஆடியது. அப்பா லேசாகச் சிரித்தார்.

அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா பண்ற? பொணத்துக்கு வெக்கிற பஞ்ச புள்ள மூக்குல வெக்கிற! காதுதான் பூடுச்சி, புத்தியுமா பூடுச்சி?"

"வெக்கல. மூச்சு வருதான்னு பாத்தேன்."

"ஒண்ணும் பாக்க வாணாம். தூரப் போட்டுட்டு வா."

அப்பாவுக்குக் கேட்கவேண்டுமே, கத்தித்தான் சொன்னாள். தம்பி விழித்து அழுதான். அந்த அழுகையைக் கேட்டதும் அம்மா வாயை மூடிக்கொண்டாள். அவன் வாய் அசைவதைப் பார்த்து அப்பா சுவரில் சாய்ந்தார். அம்மா சட்டையை எடுத்துப்போய்க் கொல்லைக் கொடியில் போட்டாள். வீட்டையும் ஒருமுறை பெருக்கித் தள்ளினாள்.

அதற்குப் பிறகு என் பாடுதான் திண்டாட்டம்.

"கண்ணு, மூச்சு வருதா?"

தம்பி மார்பில் காது வைத்துக் கேட்பேன். "வருதுப்பா."

"இப்ப?"

"இப்பத்தான சொன்னேன்."

"இன்னொரு வாட்டி கேளு."

அடுத்த தடவை நான் வாசற்படியை விட்டு எழுந்திருக்காமலே வருது என்று கத்தினேன். அப்பா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "காது வெச்சி கேளு கண்ணு" என்றார். எழுந்து போனேன்.

மூன்று மணி இருக்கும். அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். அம்மா கொல்லைக்குப் போய்த் திரும்பி வந்தாள். ஒரு கை மூடியிருந்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலைப் பிரித்தாள். பஞ்சு.

மூக்குக்கு நேரே பிடித்தாள். பஞ்சு ஆடியது, ஆனால் அவள் கையும் ஆடியது. இன்னொரு கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கை நின்றது. பஞ்சு ஆடியது.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட சொல்லாத."

"அடுத்த வருஷம் தேருக்கு இட்டுனு போவியா?"

"போலாம்."

அப்பா செய்தால் தப்பு, அம்மா செய்தால் தப்பில்லையா என்று எனக்குக் கோபம். ஆனாலும் தேருக்காக வாயைக் கட்டிக்கொண்டேன்.

அப்பா வந்து குடத்தை இறக்கினார். அம்மா முந்தானையில் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. பெருக்கித் தள்ளிய வீடு. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ செத்த நேரம் படு" என்றார். அம்மா படுத்தாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். அடுத்த வருடத் தேரை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தான்.

அன்றைக்கு அதற்கு மேல் அப்பா என்னிடம் மூச்சு வருதா என்று கேட்கவே இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது போல, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.