இடது கையில் வரைந்த கோழி

எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோ பைபாஸ் ரோட்டில் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. மொத்தம் மூன்று பேர். என் கணவர் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்வார். நான் வண்ணம் தீட்டிப் படங்களை அசைய வைப்பேன். வரைவது முழுக்க அவருடைய அக்கா, எனக்கு அண்ணி. சென்னையில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் யாரோ உருவாக்கிய கரடிகளுக்குப் பல வருஷம் கைகால் வரைந்துவிட்டு, சொந்தமாக ஒரு பிராணியாவது வேண்டும் என்று திருத்தணிக்குத் திரும்பியவர்.

கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடினால் ஒலிப்பதிவு நின்றுவிடும். கடைக்காரர் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் எங்கள் பாத்திரங்கள் பேசும். அதனாலேயே எங்கள் சொந்தக் குறும்படத்துக்குப் பேசாத ஒரு கோழியைத் தேர்ந்தெடுத்தோம். பள்ளிப்பட்டில் விற்கப்பட்ட கோழி, கூடையிலிருந்து தலையை நீட்டியபடி பஸ்ஸில் திருத்தணிக்கு வருகிறது. அவ்வளவுதான் கதை.

பாதிப் படம் முடிந்திருந்தபோது ஆடிக் கிருத்திகை வந்தது. அத்தனை காவடிக் கூட்டத்திலும் சின்னக் கீறல்கூட இல்லாமல் மலையேறி இறங்கிய அண்ணி, எங்கள் ஸ்டுடியோ மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"கோழி வரையறேன் சார்."

டாக்டர் தலைக்கும் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

படவிழாவுக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மீதியை நான் வரைவதென்று முடிவானது. முதல் நாள் வரைந்ததைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணி வெகுநேரம் பார்த்தார்.

"இது இன்னாமா?"

"கோழி, அண்ணி."

"ஆங். ஊர்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கற மாதிரி நிக்குது."

மறுநாள் மாவுக்கட்டோடு வந்து உட்கார்ந்தார். பேனாவை இடது கையில் பிடித்தார். கோடு நடுங்கியது. கழுத்து ஒரு படத்தில் தடித்தது, அடுத்ததில் மெலிந்தது. ஓட்டிப் பார்த்தபோது, ஆர்.கே.பேட்டை தாண்டியதும் கோழிக்குக் காய்ச்சல் வந்ததுபோல் இருந்தது. என் கணவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"அக்கா, இது பொழைக்குமா?"

"மூடிகினு உன் வேலய பாரு," என்றார் அண்ணி. ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மாலையில் முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதார். நாங்கள் இருவரும் திடீரென்று கேபிள்களைச் சுற்றி வைக்க ஆரம்பித்தோம்.

அப்படியே முடித்து அனுப்பினோம். படவிழாக்காரர்கள் மிகவும் நன்றி தெரிவித்து நிராகரித்தார்கள்.

கட்டுப் பிரித்து விரல்கள் மடங்க ஆரம்பித்ததும், அண்ணி இடது கையில் வரைந்த காட்சிகள் எல்லாவற்றையும் வலது கையால் திரும்ப வரைந்தார். கோடு பிசிறில்லாமல் வந்தது. மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். நல்ல ஆரோக்கியமான கோழி. அது எந்த ஸ்டாப்பில் இறங்கினாலும் எங்களுக்குக் கவலையில்லை. புதிய காட்சிகளை அண்ணியே அழித்துவிட்டுக் காபி போடப் போனார்.

பிறகு பொதட்டூர்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. பாட்டுக் கச்சேரிக்காரர்கள் வந்து சேரவில்லை, பெரிய திரை சும்மா கிடந்தது. மாப்பிள்ளையின் அப்பா எங்களிடம் வந்து, "உங்க படம் எதனா இருந்தா போடுங்களேன்," என்றார். போட்டோம். கோழி கூடையிலிருந்து தலையை நீட்டியதும் சிரித்தார்கள். கோடு நடுங்க ஆரம்பித்தபோது சிரிப்பு நின்றது. பந்தியிலிருந்து எழுந்தவர்கள் ஈரக் கையை உதறாமல் நின்று பார்த்தார்கள். கடைசியில் கோழி பஸ் ஸ்டாண்டில் கூடையைவிட்டுக் குதித்துத் தள்ளாடியபடி கூட்டத்துக்குள் போனது. அதோடு படம் முடிந்தது.

பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் அண்ணியைத் தேடி வந்தார். "நீங்கதான் வரைஞ்சீங்களா? பாதியில அதுக்கு இன்னாங்க ஆச்சு?"

அண்ணிக்குப் பொய் வராது. "கை ஒடைஞ்சி போச்சுங்க."

"ஐயோ. ரெக்கையா?"

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "ஆங்."

"இப்போ எப்பிடி கீது?"

"பரவால்லங்க," என்றார் அண்ணி. "குளிருக்குத்தான் கொஞ்சம் வலிக்குது."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, நல்லெண்ணெய் தடவச் சொல்லிப் போனார். கச்சேரிக்காரர்கள் வந்து எங்கள் வயரைப் பிடுங்கினார்கள். நாங்கள் சாப்பிடப் போனோம்.